ஏழாவது பொட்டு

11 மார்ச், செவ்வாய்

அன்புள்ள சின்னவளே,

"என் கையாலதான் அம்மாவுக்கு இப்படி ஆச்சா?" என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. போனில் கேட்டால் அழுதுவிடுவாய் என்றுதானே, அம்மாவின் சீழை என் லேபுக்கு அனுப்பிய ஐஸ் பெட்டியில் கடிதமாக வைத்தாய்? ஆறுதலுக்காக "இல்லை" என்று எழுத எனக்கு வராது.

அம்மாவுக்குச் சளி பிடித்தபோதெல்லாம் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்து, இரண்டே நாளில் நிறுத்தினாய். நர்ஸ் செய்கிற காரியமா? ஆனால் அம்மாவின் கால் புண்ணில் இருக்கும் கிருமி உங்கள் வார்டிலிருந்தும் வந்திருக்கலாம்.

சீழிலிருந்த கிருமியை வளர்த்த தட்டில் ஆறு மருந்துகள் ஊறிய ஆறு காகிதப் பொட்டுகள் வைத்தேன். மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழும். ஒன்றிலும் விழவில்லை. மருந்தை முறிக்கும் மரபணு ஒன்று அந்தக் கிருமியில் இருக்கிறது.

போன மாதம் அம்மாவின் சிறுநீரில் வந்த சாதுவான கிருமியை ஃப்ரீஸரில் வைத்திருந்தேன். (மீந்த காபிக்கும் மேடம் தேதி ஒட்டுவாங்க என்று லேபில் கேலி.) அதிலும் அதே மரபணு. இரண்டும் வேறு வேறு இனம். ஒன்றோடொன்று ஒட்டி நின்று, அந்த மரபணு உள்ள, வளையமாகச் சுருண்ட ஒரு டி.என்.ஏ. துண்டைப் பிரதி எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். யார் யாருக்கு என்று தெரியவில்லை. மனிதன் மருந்து கண்டுபிடிப்பதற்குப் பல்லாயிரம் வருஷம் முன்பே இந்த மாதிரி மரபணுக்கள் உறைந்த மண்ணில் இருந்திருக்கின்றன. இருபது வருஷமாக இதைப் பாடம் நடத்துகிறேன். அம்மா பெயர் ஒட்டிய தட்டில் பார்த்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பயம்தான். பயம் மட்டும் இல்லை.

அக்கா

12 மார்ச், புதன்

அக்காவுக்கு,

திட்டு கிடைத்தது, திரும்பி வந்த பெட்டியின் ஐஸ் கட்டியில் நனைந்து. சர்ஜன் வெள்ளி வரைதான் பொறுப்பாராம். மருந்து கிடைக்காவிட்டால் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டுமாம்.

"பெரியவ என்ன சொல்றா?" என்றாள் அம்மா. கிருமியைப் பார்த்து அசந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றேன். "எறும்பைப் பாத்துட்டு ஸ்கூலுக்குப் போக மறந்தவதானே. கிருமி அழகையெல்லாம் அப்புறம் பாக்கச் சொல்லு. எனக்குக் கால் வேணும்."

எங்கள் ஆஸ்பத்திரி ஸ்டோரில் பழைய ஊசி மருந்து ஒன்று இருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று யாரும் இப்போது போடுவதில்லை. உன் ஆறில் அது உண்டா? இந்தப் பெட்டியில் ஒரு குப்பி வைத்திருக்கிறேன். கேட்கத் தகுதியில்லாதவள் கேட்கிறேன்.

சின்னவள்

13 மார்ச், வியாழன்

சின்னவளே,

இல்லை. அதைப் பட்டியலிலிருந்து எடுத்தே பல வருஷமாயிற்று. எனக்குத் தோன்றாதது உனக்குத் தோன்றியிருக்கிறது. வெற்றுப் பொட்டில் அளந்து ஊறவைத்து, புதுத் தட்டில் ஏழாவதாக வைத்திருக்கிறேன். வட்டம் விழும் என்று நம்பவில்லை. அம்மாவிடம் எதுவும் சொல்லாதே.

வெள்ளி, காலை பத்து மணி

பெட்டியை எடுத்து வரும் வண்டி இன்னும் கிளம்பவில்லை, அதனால் நேற்றைய கடிதத்தின் கீழேயே எழுதுகிறேன். ஏழு மணிக்குத் தட்டைத் திறந்தேன். ஏழாவது பொட்டைச் சுற்றி வட்டம். மூன்று தடவை அளந்தேன்: பத்தொன்பது மில்லிமீட்டர். உடனே சர்ஜனுக்குச் சொன்னேன். ஒன்பதரைக்கு அவர் கூப்பிட்டார். சிறுநீரகத்தைத் தினமும் பார்த்துக்கொள்வார்களாம். முதல் ஊசியை நீதான் போட்டாயாம். அம்மா கையை நீட்டிக்கொண்டே, "இதையாவது பாதியில நிறுத்தாதே" என்றாளாம்.

அக்கா