இடது கை

சிவமொக்கா,
6 ஆகஸ்ட் 1998

அன்புள்ள உங்களுக்கு,

வேணி எழுதுவது. இங்கே நான் சுகம். குசுமா சாப்பிடுகிறாளா? தலை பின்னிவிட யார் இருக்கிறார்கள் என்று நினைத்தாலே சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

ஆசிரியர் பயிற்சியில் நான் எடுத்த முதல் வகுப்பு சொதப்பல். ஆறாம் வகுப்பு, பின்னம். சுண்ணக்கட்டி இரண்டு முறை கை நழுவி விழுந்தது. ஒரு வாண்டு எழுந்து, "டீச்சர், குளிருதா? கை ஆடுதே!" என்றது. வகுப்பே சிரித்தது. அடுத்த வியாழன் எங்கள் விரிவுரையாளர் பின்னால் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். அதில் தேறாவிட்டால் இருபத்தொன்பது வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாளகுப்பா பஸ் ஏற வேண்டியதுதான். பக்கத்து வீட்டு ஹூவம்மா கேலி பேச வாசலிலேயே நிற்பாள்.

உங்கள்
நாகவேணி

தாளகுப்பா,
10 ஆகஸ்ட்

டீச்சரம்மாவுக்கு,

திம்மப்பா வணக்கத்துடன் எழுதுவது. மழை விட்டபாடில்லை. சைக்கிள் கடைக்கு ஈ காக்கை வரவில்லை. அரிசி ரொட்டி சுடக் கற்றுக்கொண்டேன். குசுமா ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதை டியூபுக்கு ஒட்டுப் போடலாம்" என்கிறாள். வாய் அப்படியே உன் வாய்.

வகுத்தல் கணக்கைக் கொண்டுவந்து நீட்டுகிறாள். "அம்மா வரட்டும்டி" என்று தள்ளிப்போடுகிறேன். சீக்கிரம் வந்து சேர். கை ஆடினால் ஆடட்டும். ஹூவம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

திம்மப்பா

சிவமொக்கா,
14 ஆகஸ்ட்

என்னங்க, ஜெயித்துவிட்டேன்!

எங்கள் அணியிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண். ரகசியத்தை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். விடுதியில் என் அறைத்தோழி சொல்லிக்கொடுத்த வித்தை அது. முந்தின நாளே பிள்ளைகளிடம், "நாளைக்கு எது கேட்டாலும் எல்லாரும் கை தூக்கணும். தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை" என்று சொல்லிவைத்தேன். கேள்வி கேட்டதும் நாற்பது கையும் மேலே! வலது கைகளாகப் பார்த்துக் கேட்டேன், பட்பட்டென்று பதில். "அடேங்கப்பா, கீழே ஒரு கைகூட இல்லையே அம்மா!" என்று விரிவுரையாளர் அசந்துபோனார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

குசுமாவுக்கு ஒரு முத்தம். அப்பாவுக்கும்தான்.

உங்கள் வேணி

தாளகுப்பா,
19 ஆகஸ்ட்

வேணி,

சந்தோஷம். ஹூவம்மாவிடமும் சொன்னேன்.

ஒன்று சொல்ல வேண்டும். படிப்பு ஏறவில்லை, ஓடிவந்துவிட்டேன் என்று உன்னிடம் சிரித்துச் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. எங்கள் வாத்தியாரும் இதே வித்தைதான் செய்தார். இன்ஸ்பெக்டர் வந்தபோது நான் இடது கை. இன்ஸ்பெக்டர் போன பிறகும் வாத்தியார் அதை விடவில்லை, அவருக்கு வசதியாக இருந்தது. இரண்டு வருஷம் ஒருநாள் தவறாமல் கை தூக்கினேன். ஒருதரம்கூட என்னைக் கேட்டதில்லை. பிறகு ஒருநாள் போவதை நிறுத்தினேன். நான் வராததை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

உன் மேல் கோபம் இல்லை. வருத்தம் இருக்கிறது. குசுமாவும் எந்தக் கையைத் தூக்குகிறாளோ என்று நினைத்துக்கொண்டேன்.

திம்மப்பா

சிவமொக்கா,
2 செப்டம்பர்

என்னங்க,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் வெட்கம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் எனக்குத் தெரியவில்லையே.

மறுபடி அந்த வகுப்புக்குப் போனேன். "இன்னிக்கு இடது கையைத்தான் முதல்ல கேப்பேன்" என்றேன். ஒரு கைகூட எழவில்லை. என்னை நம்பவில்லை. "நானும் தப்புப் பண்ணினேன். உங்களை ஒளிச்சு வெச்சுட்டேன்" என்று சொன்னேன். கடைசி வரிசையில் பாகீரதி என்று ஒரு பெண், அரைக் கை தூக்கினாள். "டீச்சர், கீழே இருக்கிற எண் பெரிசானா துண்டு ஏன் சின்னதாகுது?" என்று கேட்டாள். எவ்வளவு நல்ல கேள்வி! ஒரு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் காட்டினேன். அப்புறம் பதினேழு இடது கைகள். மணி அடித்தும் பாடம் பாதிதான் முடிந்தது.

விரிவுரையாளரிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். "ஏம்மா, யாரும் கேக்காதப்பவே நீயே வந்து மாட்டிக்கிறியே!" என்றார். மதிப்பெண்ணை அடித்துவிட்டார். அடுத்த மாதம் மறுபடி பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தேறுவேனா தெரியாது. ஆனால் கை ஆடவில்லை.

தீபாவளிக்கு வருகிறேன். குசுமா பக்கத்தில் உங்களுக்கும் ஒரு பலகை போட்டு வையுங்கள். முதலில் உங்களைத்தான் கேட்பேன்.

உங்கள்
வேணி

தாளகுப்பா,
8 செப்டம்பர்

டீச்சரம்மாவுக்கு,

தீபாவளி வரை பொறுக்க முடியவில்லை. நேற்று குசுமா கணக்கை நீட்டியபோது இடது கையைத் தூக்கினேன். "என்னப்பா, கை வலிக்குதா?" என்றாள். "இல்லடி, எனக்குத் தெரியாது" என்றேன். "இதைச் சொல்றதுக்கு என்ன, தள்ளி உக்காரு" என்று ஸ்லேட்டை நடுவில் வைத்தாள்.

நூற்று நாற்பத்து நான்கை ஆறால் வகுத்தால் இருபத்து நான்கு. நானே போட்டது. சரிதானா? தப்பென்றால் தயங்காமல் எழுது. நீ மறுபடி பாடம் நடத்தும்போது நானும் மறுபடி போடுகிறேன்.

உன்
திம்மப்பா