சகலையின் மோட்டார், என் பாறை

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் மலை உச்சிக்கு முதலில் போனவன் நான்தான். அதாவது, காலால் மிதித்துப் போனவர்களில்.

சகலை கரன்ட் சைக்கிள் வாங்கியிருக்கிறான். அவனுக்கு ஒன்று, பெண்டாட்டிக்கு ஒன்று. என் மனைவியின் தங்கை புருஷன். டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்த வேலை. தொப்பை முன்னால் போகும், இவன் பின்னால் வருவான். நான் பதினோரு வருடமாக ஞாயிறு தவறாமல் அந்தக் காட்டுப்பாதையில் ஏறுகிறேன். எங்கள் சைக்கிள் குழுவில் என்னை முந்த ஒருவன் பிறக்கவில்லை. கடைசி ஏற்றத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கிறேன், சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி வரும். பக்கத்தில் 'உய்ங்' என்று ஒரு சத்தம். அவன்தான். ஒரு கையில் ஹேண்டில்பார், மறு கையில் போன். யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே என்னைக் கடந்து போனான்.

"அண்ணே, மேல இருக்கேன், மெதுவா வாங்க!"

மெதுவாவாம்!

மேலே போனதும் அடுத்த கேள்வி. "அண்ணே, நீங்க சொல்வீங்களே, அந்தத் தொங்குற பாறை எங்க?"

"அது அந்தப் பக்கம். வேலி போட்டு மூடிட்டாங்க" என்றேன்.

மார்ச் 4

வயிறு எரிகிறது. மாத்திரை போட்டேன். இது வேறு எரிச்சல் என்று மாத்திரைக்கே தெரிந்திருக்கிறது, கேட்கவில்லை.

மார்ச் 7, வியாழன்

பல் டாக்டரின் கிளினிக்கில் குழுக் கூட்டம். அவர்தான் தலைவர். பாதையைச் செதுக்கிப் பராமரிப்பது நாங்களே என்பதால், கரன்ட் சைக்கிளை விடுவதா வேண்டாமா என்று நாங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று வனக்காவலர் சொல்லிவிட்டாராம். 30ஆம் தேதி ஓட்டு. ஒன்பது பேர், ஒன்பது கை. சகலை புதுசு, அவனுக்குக் கை கிடையாது. ரொம்ப நல்லது.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நான் கைவிட்டவன். ஆனால் மேடை கிடைத்தால் வக்கீல் தோற்பான். "ஏறுறதுன்னா உடம்பு ஏறணும். இதுல கரன்ட் ஏறுது, உடம்பு சும்மா மேல உக்காந்து போகுது!" என்றேன்.

குழுவில் இருக்கும் தபால்காரம்மா விட்டால்தானே. "லிஃப்ட் ரிப்பேர் பண்றவரே மோட்டார் வேணாங்கறீங்களே?"

ஊரே சிரித்தது. நானா அசருவேன்? "லிஃப்ட்ல போறவன் படியேறி வந்தேன்னு சொல்லிக்க மாட்டான்மா."

பலத்த கைதட்டல். (இரண்டு பேர்.)

மார்ச் 10, ஞாயிறு

சாட்சி இல்லாமல் வழக்கு நிற்காது என்று, வளைவில் மண் கிழிந்துகிடந்த இடத்தைப் போட்டோ எடுத்தேன். மோட்டார் செய்த அநியாயம் பாருங்கள் என்று எல்லோருக்கும் காட்டினேன். பல் டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது உங்க டயர் தடம்யா. ஓரத்து வரிசையில ரெண்டு பல்லு தேஞ்சிருக்கு பாருங்க."

அது என் பழைய பிரேக் அடித்த தடம் என்றேன். பழைய பிரேக் என்றால் என்ன என்று யாரும் கேட்காதது என் நல்ல நேரம்.

மார்ச் 15, வெள்ளி

மனைவி சொல்கிறாள்: "ஏங்க, தங்கச்சி சைக்கிளைத் தர்றேங்கறா. இருபத்திநாலாந்தேதி நானும் மேல வரேன். அந்தத் தொங்குற பாறையைப் பாத்துடணும்."

குடித்துக்கொண்டிருந்த சொம்பைக் கீழே வைத்தேன்.

டைரியே, உன்னிடம் மட்டும் எழுதுகிறேன். பாறை இருக்கிறது. மூன்று மாடி உயரமில்லை. ஆள் உயரமும் இல்லை. இடுப்பளவு. சரி, முழங்காலளவு. அதற்கடியில் தலையைக் குனிந்து சைக்கிள் விட்டேன் என்று பதினோரு வருடமாக வீட்டில் சொல்லிவருகிறேன். ஐந்நூறடிப் பள்ளம் என்றேன். அங்கே ஒரு சிமெண்ட் பெஞ்சும் போன் டவரும்தான்.

சகலை என்னை முந்துவதுகூட இரண்டாவதுதான். அந்தச் சனியன் பிடித்த மோட்டார் யாரை வேண்டுமானாலும் மேலே கொண்டுபோய்விடும். இத்தனை வருடம் என் வாய்க்குக் காவல் நின்றது அந்த ஏற்றம்தானே? அவள் பார்த்துவிட்டால் அப்புறம் இந்த வீட்டில் நான் சொல்லும் எதை நம்புவாள்? மணி ஆறு என்றாலும் கடிகாரத்தைப் பார்ப்பாளே!

ஓட்டு 24க்கு முன்னால் வைக்கச் சொல்லிப் பல் டாக்டருக்கு நான்கு முறை போன் செய்தேன். ஐந்தாவது முறை எடுத்து, "வாயைத் திறங்க" என்றார். எனக்கில்லை, நோயாளிக்கு.

மார்ச் 24, ஞாயிறு

வந்துவிட்டாள். சகலையும் அவளும் மேலே போய்ப் பத்து நிமிஷம் கழித்துத்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே கல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அந்தக் கல்லின்மேலேயே காலை வைத்துச் செருப்பு வாரை இறுக்கிக்கொண்டாள். திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

சாயங்காலம் சகலை வீட்டில் கொழுந்தியாள் கேட்டாள்: "அக்கா, அந்தப் பாறை எப்படி இருந்துச்சு?"

நான் எழுந்து செருப்பைத் தேடினேன்.

"அது போன மழையில விழுந்துடுச்சுடி. நூலிழையில தப்பிச்சாரு உங்க மாமா. நாம பயப்படுவோம்னு வெளிய சொல்லல" என்றாள். முகத்தில் ஒரு சுருக்கமில்லை.

கொழுந்தியாள் "அய்யோ மாமா!" என்று நெஞ்சில் கைவைத்தாள். சகலை என்னையே பார்த்தான். அப்புறம், "ஆமாமா, பெரிய பாறை" என்றான்.

விழுந்துவிட்டது! பதினோரு வருடத்தில் இது எனக்குத் தோன்றவில்லையே. பொறாமையாக இருக்கிறது, அவள் மேலும்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டாள்: "ஏங்க, அங்கேருந்து ஆறு தெரியுதே. முழுசா, வளைஞ்சு வளைஞ்சு. அதை ஏன் நீங்க ஒரு தடவைகூடச் சொல்லல?"

எந்த ஆறு?

முதலில் போனவன் பின்னால் எவன் வருகிறான் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பான். நான் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை.

மார்ச் 30, சனி

மோட்டாருக்கு ஆதரவாக ஐந்து கை, எதிராக நான்கு. ஐந்தாவது கையைப் பார்த்துத் தபால்காரம்மா, "கை வலிக்குதா, சும்மா நீட்டுறீங்களா?" என்று கேட்டாள். நான் கொள்கைக்காரன். கொள்கையை மாற்றிக்கொள்வதும் ஒரு கொள்கை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மனைவி தன்னோடு வேலை பார்க்கும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள், எல்லாம் வாடகைக் கரன்ட் சைக்கிள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தபோது பெஞ்சில் பாறைக் கதை ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறை நான்கு மாடி. இடி போன்ற சத்தம். நான் அடியில். அந்த மூவரும் வாயைத் திறந்தபடி கேட்கிறார்கள்.

கடைசி நொடியில் என் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தது யாராம்? சகலையாம்!

அந்த மழையில் அவனிடம் சைக்கிளே கிடையாது! பக்கத்தில் நின்று தலையை ஆட்டுகிறான், "பரவால்ல விடுங்க, நம்ம அண்ணன்தானே" என்று அடக்கம் வேறு.

மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். மறுத்தால் பாறையும் போய்விடும். மூடிக்கொண்டேன்.

மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சகலைக்கு நன்றி சொன்னேன்.