பிறேக்கில் பூசிய நல்லெண்ணெயும் என் சாரதி அனுமதிப்பத்திரமும்

22.05.1984, செவ்வாய்க்கிழமை, மு.ப. 6.40
மனு இல. 1

அனுப்புநர்: வே. சோமசேகரம், ஓய்வுபெற்ற நில அளவையாளர், உடுவில்.

பெறுநர்: அரசாங்க அதிபர் அவர்கள், கச்சேரி, யாழ்ப்பாணம்.

பொருள்: 01.06.1984 முதல் என் சாரதி அனுமதிப்பத்திரத்தை ரத்துச் செய்யும் கட்டளையை நீக்கக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. 14.03.1984 புதன்கிழமை நான் புதிதாக வாங்கிய கார், ஆயிரம் மைல்கூட ஓடாத நிலையில், 02.04.1984 காலை 8.10 முதல் பிறேக் பிடிக்குந்தோறும் கிறீச்சிடலாயிற்று. விற்ற கராஜுக்கு ஐந்து கடிதங்கள் எழுதினேன், பதிலில்லை. நேரில் சென்றேன். தலைமை மெக்கானிக் தம்பிராசா என் பக்கத்தில் ஒரு மைல் அமர்ந்து வந்து, தமக்கு எதுவும் கேட்கவில்லை என்றார். அவருடைய வாசகத்தை மாற்றாமல் தருகிறேன்: "ஐயா, கார் வடிவாய்த்தான் ஓடுது. உங்கடை காதைத்தான் ஒருக்காக் காட்டவேணும்." அவருக்கு வயது முப்பது. எனக்கு எழுபத்தொன்று.

2. 04.05.1984 வெள்ளிக்கிழமை, திருத்துவதற்கென்று நான் விட்டுவந்த காரைத் தம்பிராசா, சத்தம் இனி வராது என்று திருப்பித் தந்தார். சொன்னபடியே சத்தம் வரவில்லை. மறுநாள் மு.ப. 9.35க்குப் புத்தூரில் ஒரு மாட்டுக்காகப் பிறேக்கை மிதித்தபோது காரும் நிற்கவில்லை. தங்கமுத்து என்னும் அம்மையாரின் கிடுகு வேலியையும் இரண்டு வாழைகளையும் கடந்தபின், முதல் கியருக்கு மாற்றி எஞ்சினை அணைத்ததால், கிணற்றுக்கட்டுக்கு நான்கடி முன்னால் நின்றது. அளந்தேன். அக்காணியை 1958இல் அளந்து எல்லையிட்டவனும் நானே. "சேவையர் ஐயா, நீங்கள் போட்ட எல்லைதானே, உங்களுக்கே தெரியேல்லையோ?" என்று அம்மையார் கேட்டதை, வேலியை முன்னிட்டு மன்னித்தேன்.

3. மோட்டார் வாகனப் பரிசோதகர் 08.05.1984 அன்று வந்து, காரை இரண்டு நிமிடமும் என் நரைத்த தலையை ஐந்து நிமிடமும் பரிசோதித்தார். சில்லு ஒன்றையும் கழற்றவில்லை. தம்பிராசாவிடம் மட்டும் விசாரித்து, "சாரதிக்கு முதுமை, காது மந்தம், பிறேக்கில் பிழையில்லை" என எழுதினார். அதன்மேல் பிறந்ததே இக்கட்டளை. கையெழுத்து மட்டும் பரவாயில்லை.

4. 12.05.1984 அன்று சமாதான நீதவான் செல்வநாயகம் அவர்கள் முன்னிலையில் சில்லுகளைக் கழற்றுவித்தேன். பிறேக் லைனர்கள் யாவற்றிலும் நல்லெண்ணெய் பூசப்பட்டிருந்தது, தோசைக்கல்லுக்குப் பூசுவதுபோல, ஓரம் விடாமல். கிறீச்சிடும் வாசற் படலைக்கு எண்ணெய் விடுவது வழக்கம். ஆனால் படலை எதையும் பிடித்து நிறுத்த வேண்டியதில்லை என்பதைத் தலைமை மெக்கானிக்குக்கு யாரேனும் சொல்லிக்கொடுத்தல் நன்று.

5. சத்தமே இல்லையென்றால் எண்ணெய் எதற்கு? இருந்ததென்றால், அதைக் கேட்டதாக ஒப்புக்கொண்ட ஒரே காது என்னுடையது. அதைத்தான் பரிசோதகர் மந்தம் என்கிறார்.

6. என் மனைவி ஞானாம்பிகை இடுப்பெலும்பு முறிந்தவர். பஸ்ஸில் ஏற இயலாதவர். வியாழன்தோறும் அவரை ஆஸ்பத்திரிக்கு நானே கொண்டுசெல்கிறேன். விபத்தன்றும் பக்கத்தில் இருந்தார், பயப்படவில்லை. ஆனால் அந்த அறிக்கை வீட்டுக்கு வந்த நாள்முதல் அவர் என்னோடு உரத்துக் கதைக்கிறார்.

ஆகவே 31.05.1984க்கு முன் வேறொரு பரிசோதகரை அனுப்பி, உண்மை கண்டு, மேற்படி கட்டளையை நீக்கித் தரவேண்டும். வருபவர் சில்லுக் கழற்றத் தெரிந்தவராக இருக்கட்டும்.

உடுவில்,
22.05.1984

தங்கள் நீதியை எதிர்பார்க்கும்,
வே. சோமசேகரம்

இணைப்புகள்:
அ. கராஜுக்கு எழுதிய கடிதப் பிரதிகள் ஐந்து.
ஆ. பரிசோதகரின் அறிக்கை, மூன்று வரி.
இ. சமாதான நீதவானின் அத்தாட்சி.
ஈ. இடது பின்சில்லின் பிறேக் லைனர் ஒன்று, கடதாசியில் மூன்று சுற்று. எண்ணெய் இன்னும் கசிவதால் கோப்புகளின்மேல் வைக்க வேண்டாம். மூக்கருகே பிடித்தாற் போதும், காது தேவையில்லை.