கரா-பெல் கணவாயின் காத்தழுத்தம்

நாரின் நகரிலிருந்து

மீரிம் கண்ணு,

நான் இருக்கேன், சாப்பிடுறேன், வேலைக்குப் போறேன். வார்சாவுல நீ நல்லா இருந்தா எனக்கு அது போதும். உங்கம்மா தவறினதுலருந்து பெரியம்மா தினம் ஒரு பானை சூப்பு வச்சிட்டு, உனக்கு நாப்பது வயசு கூட ஆகல, இப்படியே உக்காந்திருப்பியான்னு திட்டிட்டுப் போறாங்க. எனக்கு அழுகை கூட வரல கண்ணு, மனசு மரத்துப் போச்சு. ஆனா இன்னைக்கு எழுதுறது அதுக்கில்ல. நாம ஜெயிச்சுட்டோம்.

கரா-பெல் கணவாயில அம்மா பாத்துக்கிட்ட வானிலைக் கருவி இருக்குல்ல, அதை வச்சுத்தான் ஆடு மேய்க்கிறவங்க போனுக்குப் பனிப்புயல் எச்சரிக்கை போகணும். ஆனா அந்த அளவைப் படிக்க நாங்க பயன்படுத்துற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி, அதான் உலகமே சேந்து எழுதுற நிரல் தொகுப்பு, காத்தழுத்தம் இவ்வளவு குறைவா இருக்காது, கருவி பழுதுன்னு முடிவு பண்ணி மலை அளவை எல்லாம் தூக்கிப் போட்டுடும். அம்மா அதைப் பத்திப் புகார் எழுதியிருந்தா. லைப்ரரியைப் பாத்துக்கிறவங்க திருப்பி ஏதோ கேட்டிருக்காங்க, இவ இருந்தாத்தானே பதில் சொல்ல? ஒரு தானியங்கி நிரல் வந்து, புகார் குடுத்தவர் பேசவே இல்ல, மூடிட்டேன்னு எழுதிட்டுப் போயிருக்கு. அதைப் பாத்ததும் வந்துச்சு பாரு கோவம், அவ போனப்புறம் எனக்குன்னு வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

அந்தப் புகாரை மறுபடி திறக்க வச்சேன். மந்தை மேல ஏறுறதுக்குள்ள முடிக்கணும்கிற அவசரத்துல இதுக்குக் கீழ போனா பழுதுங்கிற வரம்பையே நிரல்லருந்து அழிச்சு அனுப்பிட்டேன். லைப்ரரிக்குப் பொறுப்பாளர் யூரியான், ஹாலந்துக்காரன், இப்படிப் பண்ணா நிஜமாவே பழுதான கருவியோட அளவும் உள்ள வந்துடும், அது போக அந்த உயரத்துல யாருங்க இருக்காங்கன்னு கேட்டான். உன் சகின்பெக் மாமாகிட்டச் சொன்னேன். ஏன் மாப்ள, அப்ப நானும் என் ஆடும் பழுதான கருவியா, கடல் மட்டத்துக்குக் கீழ வீடு கட்டுனவன் மலையைப் பத்திப் பேசுறானா, வரச்சொல்லு, ரெண்டு கிண்ணம் குதிரைப்பால் குமிஸ் ஊத்தி அனுப்புறேன்னு கத்தினாரு. அப்படியே யூரியானுக்கு எழுதிட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சானாம், ஆனாலும் விடல. உயரத்துக்குத் தக்க வரம்பு வை, நிஜ அளவை வச்சு நிரூபின்னான். ஞாயம்தான். அம்மா பனியில ஏறி ஏறிப் பதிஞ்சு வச்ச அளவு அத்தனையும், நிரலை மாத்தும்போதெல்லாம் தேற வேண்டிய சோதனையாச் சேத்தேன். எல்லாம் பச்சை, தேறிடுச்சு. ஏத்துக்கிட்டான்!

அன்னைக்கு உங்கம்மா பேர்ல நானே எண்ணெயில போர்சோக் மாவு பொரிச்சேன், பாதி கருகிப் போச்சு. போன வாரம் புயல் வந்துச்சு, முன்னாடியே மாமா போனுக்கு எச்சரிக்கையும் வந்துச்சு. மந்தையைக் கீழ ஓட்டிட்டு வந்து, ஒரு குட்டி கூடப் போகல மாப்ள, என் தங்கச்சி காப்பாத்திட்டான்னு போன்ல அழுதாரு. அப்பத்தான் எனக்கும் அழுகை வந்துச்சு.

வேளைக்குச் சாப்பிடு. வியாழக்கிழமை, போனவங்களுக்குப் பொரிக்கிற நாளு, மறக்காம நீயும் மாவு பொரி, எண்ணெய் வாசம் அவளுக்குப் போய்ச் சேரட்டும். நம்ம பெரியவங்க வாழ்த்துற மாதிரி, உன் வழி வெள்ளையா இருக்கட்டும். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ, இனிமே உலகத்துல யாரு அந்த லைப்ரரியில கை வச்சாலும், உங்கம்மா எடுத்த அளவுக்குச் சரியா வந்தாத்தான் உள்ள விடும்.

உன் அப்பா,
எர்மெக்