ராயல் என்று கத்தினார்கள்

பிப்ரவரி 9, ஞாயிறு

பத்தி வந்துவிட்டது. வாராவாரம் ஒரு ஆங்கிலச் சொல்லின் கதை. இந்த வாரம் ‘ராயல்’. ஆசிரியர் ஒரு வரிகூட வெட்டவில்லை, அதிசயம்தான்.

என் வீட்டுக்காரர் கீழே தன் கிளப்பில் தோளில் துண்டோடு நின்றபடியே படித்தார். “இந்த வாரம்தான் உன் பத்தியில கொஞ்சம் ரத்தம் ஓடுது” என்றார். ஒரு குத்துச்சண்டைக் கோச்சின் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது. தம்பி என் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, “அக்கா, இது பத்து வருஷத்துக்கு முந்தின போட்டோ” என்றான். கொழுப்பு.

எனக்கே பிடித்த பத்தி. லத்தீனில் அரசனுக்கு இருந்த சொல் பிரெஞ்சில் தேய்ந்து ராயலாக ஆங்கிலத்துக்குள் நுழைகிறது. அங்கே ஏற்கெனவே ‘கிங்லி’ என்று சொந்தச் சரக்கு இருந்தது. பிறகு லத்தீனிலிருந்து ‘ரீகல்’ நேரடியாக வந்து சேர்ந்தது. ஒரு சிம்மாசனத்துக்கு மூன்று சொற்கள். ஆனால் ராயல்தான் அரண்மனையை விட்டுத் தெருவில் இறங்கியது. பன்னிரண்டு கிளைக் கொம்புள்ள மான் ராயல், கப்பலின் உச்சிப் பாய் ராயல், அகலமான ஒரு காகித அளவு ராயல். கடைசியில் சோப்பும் மெத்தையும்கூட ராயல்.

முடிவில் சுருக்கென்று ஏதாவது வேண்டுமே என்று சேவல் சண்டையைச் சேர்த்தேன். பல சேவல்களை ஒரே குழியில் ஒன்றாக விட்டு, ஒன்று மட்டும் நிற்கும்வரை சாகவிடுவது. அதற்கு ராயல் சண்டை என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்று உறுதியாகத் தெரியவில்லை. அதையும் ஒளிக்காமல் எழுதினேன்.

பிப்ரவரி 12, புதன்

தங்கப்பல் கிளப்புக்கு வந்திருந்தான். ஊரில் நடக்கும் பந்தயங்களெல்லாம் இவன் ஏற்பாடுதான். சிரித்தால் பல் முதலில் தெரியும், ஆள் பிறகு. கையில் என் பத்தி, மடித்து.

“மேடம், சேவலுக்குப் பதிலா மனுஷன். எட்டுப் பேரு, ஒரே ரிங். எப்படி?”

அதெல்லாம் எப்போதோ மனிதர்களை வைத்தும் செய்து அசிங்கப்பட்டாயிற்று என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. தம்பியின் தோளைத் தட்டினான். “உன்னை எல்லாரும் மறந்துட்டாங்கப்பா” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போனபின் தம்பி மணல்மூட்டையைக் குத்திய குத்தில் தையல் பிரிந்துவிட்டது.

பிப்ரவரி 14, வெள்ளி

போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். பால் வாங்கப் போனவள் வெறும் பாத்திரத்தோடு திரும்பினேன். நடுவில் தம்பியின் முகம். மேலே ‘ராயல்’, ஆள் உயரத்துக்கு.

நவம்பரில் அவன் ரிங்கில் விழுந்து, நினைவு வந்தபின்னும் வாந்தி நிற்காமல் கிடந்தது அவனுக்கே மறந்துவிட்டதா? டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. “தலையில இன்னொரு பலமான அடி விழுந்தா எழுந்திரிக்க மாட்டார்மா. பயிற்சி பண்ணட்டும், சண்டை வேண்டாம்.”

கேட்டேன். கத்தினேன். அவன் பீரோக் கதவில் ஒரு குத்து விட்டான். தகரம் உள்ளே போய்விட்டது.

“உடம்பு என்னுது அக்கா. உனக்கு வார்த்தை இருக்கு. எனக்கு இது ஒண்ணுதான இருக்கு?”

எங்கள் வீட்டில் மூக்குடைபடுவது என்றால் மூக்கு உடைவதுதான். ஆனால் இன்றைக்குப் பேச்சாலேயே உடைத்துவிட்டான்.

பிப்ரவரி 17, திங்கள்

தங்கப்பல்லைப் பார்க்க டாக்டரின் சீட்டோடு போனேன். படித்தான், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்.

“நான் யாரையும் இழுத்துட்டு வரல மேடம். அவரா வந்தாரு. அதுவும் இந்த ஆட்டத்துக்கு நீங்கதான் அம்மா. பேரு வச்சதே நீங்க.”

வரும் வழியில் மூன்று போஸ்டரைக் கிழித்தேன். நகக்கண்ணெல்லாம் பசை.

பிப்ரவரி 20, வியாழன்

அவர் விதிகளை விளக்கினார். சுற்று கிடையாது, மணி கிடையாது. விழுந்து எழாதவன் வெளியே. கடைசியில் ஒருவன்.

“இதுல எல்லாரும் பேசாமலே ஒரு ஒப்பந்தம் வச்சுக்குவாங்க. முதல்ல பலசாலிய ஒழிக்கணும்னு. ஏழு பேரும் மாப்ள மேலதான் விழுவாங்க.”

சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு நான் சொன்னேன்: “நீங்களும் இறங்குங்க.”

அவருக்கு நாற்பத்துமூன்று வயது. கையுறையைக் கழற்றி மாட்டி வருஷக்கணக்காகிறது. மறுத்துவிடுவார் என்று நினைத்தேனா, மறுக்க வேண்டும் என்று விரும்பினேனா, தெரியவில்லை.

“சரி” என்றார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

பயிற்சியில் அவருக்கு மூச்சு வாங்குகிறது. தம்பி அவரைக் கிண்டல் செய்கிறான். இருவரும் சிரிக்கிறார்கள்.

மார்ச் 1, சனி

திட்டம் இதுதான். தம்பி மூலையில், இவர் அவனுக்கு முன்னால். இடது கையை அவன் முகத்துக்கு முன்னால் கதவுபோல வைத்துக்கொண்டு வலது கையால் அடிப்பார். மற்றவர்கள் போனபின் இவர் மண்டியிட்டுவிடுவார். தம்பி ஜெயிப்பான், இனி ரிங் ஏறமாட்டான். கூடத்தில் மேஜையைத் தள்ளிவிட்டு ஒத்திகை பார்த்தார்கள். மண்டியிடும்போது இவருடைய முழங்கால் சொடுக்கியது.

“மாமா, எண்ணெய் போடணும்” என்றான் தம்பி.

மார்ச் 2, ஞாயிறு

எழுத முடியவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தா. எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

ஞாயிறு பிற்பகல். தகரக் கூரை, வெயில், மூட்டைக்கிடங்கு முழுக்க ஆள். ஆரம்பித்ததும் அவர் சொன்னபடியே ஏழு பேரில் ஆறு பேர் தம்பி மேல் பாய்ந்தார்கள். ஏழாவது ஆள் இவர். ஒரு லாரி டிரைவரின் தாடையில் இவருடைய வலது கை இறங்கிய சத்தம் நான் உட்கார்ந்திருந்த இடம்வரை கேட்டது. அவன் கயிற்றில் தொங்கினான். இன்னொருவன் வாயிலிருந்து வந்த ரத்தம் முன்வரிசையில் ஒருவரின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. அந்த மனுஷன் எழுந்து நின்று எல்லோருக்கும் காட்டினார். காட்டினார், சிரித்துக்கொண்டே.

இவருடைய இடது கை இறங்கவே இல்லை. தம்பிக்கு விழ வேண்டியதெல்லாம் அந்தக் கையில் விழுந்தது. விலாவில் விழுந்தது. புருவம் கிழிந்து கண்ணை மூடியது. ஒவ்வொருவராக விழுந்தார்கள். நானும் கத்தினேன். பயத்தில் இல்லை. “அடிங்க, அவனை அடிங்க” என்று கத்தினேன். என் குரல்தான் அது.

கடைசியாகக் கறிக்கடைக்காரன். அவன் இவரைச் சுற்றிக்கொண்டு போய்த் தம்பியின் காதுக்குப் பின்னால் ஒன்று வைத்தான். ஒன்றே ஒன்று. தம்பி விழவில்லை. ஆனால் அவன் பார்வை போய்விட்டது. திறந்த கண், உள்ளே ஆள் இல்லை. இவர் கறிக்கடைக்காரனை இரண்டே அடியில் படுக்க வைத்தார்.

பிறகு திரும்பினார். கையை இறக்கினார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன், வீங்கிய உதட்டில் என்ன தெரியும். மண்டியிடக் காலை மடித்தார்.

தம்பி அடித்தான்.

எதிரில் யாரென்று தெரியாமல் அடித்தான். தொடர்ந்து அடித்தான். இவர் கை தூக்கவில்லை. மூலைக் கம்பத்தில் மெத்தை நழுவியிருந்தது. பின்தலை இரும்பில் மோதியது. அதற்குப் பிறகும் அடித்தான். நிறுத்துங்கடா, நிறுத்துங்க அப்படின்னு கத்துறேன், யாருக்குக் கேக்குது? விசில் வச்சிருந்தவன் தங்கப்பல்லைப் பாக்குறான். தங்கப்பல் கூட்டத்தைப் பாக்குறான். கூட்டம் காலால தரையை மிதிச்சுக்கிட்டு ராயல், ராயல், ராயல்னு கத்துது.

நான் கயிற்றுக்குள் நுழைந்து தம்பியின் முதுகில் தொங்கினேன். அப்போதுதான் நின்றான்.

அவருக்கு மண்டையோட்டைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்திருக்கிறார்கள். இன்னும் கண் திறக்கவில்லை.

மார்ச் 5, புதன்

தம்பிக்கு எதுவும் நினைவில்லை. அவன் தலையிலும் படம் எடுத்துப் பார்த்தார்கள், தப்பித்துவிட்டான். வராந்தாவுக்கு வந்து நின்றான்.

“அக்கா, மாமாவை யாரு அடிச்சா? கறிக்கடைக்காரனா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தானே.

“நீதான்டா.”

அவன் நம்பவில்லை. சிரிக்கப் பார்த்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. அறைந்தேன். மாற்றி மாற்றி அறைந்தேன். அடிபட்ட தலை என்பதுகூட உறைக்கவில்லை. அவன் கையைக் கட்டிக்கொண்டு வாங்கினான். இரண்டு நர்ஸ்கள் வந்துதான் பிரித்தார்கள். உள்ளங்கை இன்னும் எரிகிறது.

மார்ச் 9, ஞாயிறு

ஆசிரியர் தொலைபேசியில் விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ராயலுக்கு ரெண்டாம் பாகம் எழுதுறீங்களா? ஊரே அதைத்தான் பேசுது” என்றார்.

வைத்துவிட்டேன். ஆனால் மனம் எழுதிக்கொண்டேதான் இருக்கிறது. சேவல் சண்டையை ஏன் அப்படி அழைத்தார்கள் என்று உறுதியாகத் தெரியாது என்றேனே. இப்போது எனக்கென்று ஒரு விளக்கம் இருக்கிறது. அரசனைப்போல, நிறுத்தச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லாத சண்டை. எந்த அகராதியும் ஏற்றுக்கொள்ளாது. ஏற்க வேண்டாம்.

மார்ச் 18, செவ்வாய்

கண் திறந்தார். என்னைப் பார்த்து, “தண்ணி” என்றார். ஓடிப்போய்க் கொடுத்தேன். தள்ளிவிட்டார். ஜன்னலைக் காட்டி, “தண்ணி” என்றார். தலையணையைத் தொட்டு, “தண்ணி.” வலது கையும் அசையவில்லை.

பேச்சு இருக்கும் இடத்தில் அடி என்கிறார் டாக்டர். மெதுவாக வரலாம், வராமலும் போகலாம்.

ஏப்ரல் 2, புதன்

புதிய போஸ்டர். ‘மீண்டும் ராயல்.’ நடுவில் இப்போது கறிக்கடைக்காரன்.

நேரே தங்கப்பல்லின் அலுவலகத்துக்குப் போனேன். “கோச் எப்படி இருக்காரு மேடம்?” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். பிறகு, “அடுத்த மாசம் பொம்பளைங்களுக்கும் ஒண்ணு வைக்கிறேன், உங்க மாதிரி ஆளுங்கதான் வேணும்” என்றான். மேஜைமேல் பித்தளை மணி ஒன்று இருந்தது, ரிங்கில் வைக்காத மணி. எடுத்து அவன் முகத்தைப் பார்த்து எறிந்தேன். குனிந்துவிட்டான். பின்னால் கோப்பைகள் வைத்திருந்த கண்ணாடி அலமாரி நொறுங்கியது. கண்ணாடிச் சில்லு அவன் கன்னத்தைக் கீறி ரத்தம் வந்தது.

துடைத்துப் பார்த்தான். பல் தெரிந்தது.

“ராயலா எறிஞ்சீங்க மேடம்.”

அந்தச் சொல் இனி அவனுடையது.

மே 11, ஞாயிறு

காலையில் தம்பி வந்தான். தினமும் வருகிறான், வீடு திரும்பிய மாமாவுக்கு ஷேவ் செய்துவிட. என் முகத்தைப் பார்க்கமாட்டான், நானும் பார்ப்பதில்லை. கிளப்பைப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டியாயிற்று. ஒரு பழக்கிடங்கில் பெட்டி தூக்குகிறானாம்.

இவருக்கு நான் பாடம் நடத்துகிறேன். சீப்பு, சட்டை, கதவு. நேற்று ‘கதவு’ வந்தது. இன்றைக்கு மறுபடி ‘தண்ணி’.

தம்பி சோப்பு நுரையைத் தடவிவிட்டு, கத்தியோடு அவர் முகத்தருகே குனிந்திருந்தான். நான் சமையலறையிலிருந்து எடுத்துவந்த எவர்சில்வர் தட்டு கைநழுவித் தரையில் விழுந்தது. வீடே அதிர்ந்தது.

அவருடைய இடது கை மேலே வந்தது. தன் முகத்துக்கு இல்லை. தம்பியின் முகத்துக்கு முன்னால் போய் நின்றது. விரல்களை மடக்கி, முழங்கையை ஒட்டி, கூடத்தில் ஒத்திகை பார்த்த அதே மாதிரி. கண்கள் கதவுப் பக்கம் யாரையோ தேடின.

தம்பி கத்தியைக் கீழே வைத்தான். பிறகு அந்தக் கைக்குப் பின்னாலிருந்தே சொன்னான்.

“மணி அடிச்சாச்சு மாமா. முடிஞ்சிருச்சு. கையை இறக்குங்க.”

அவர் இறக்க வெகுநேரம் ஆனது. அதுவரை தம்பி அசையாமல் குனிந்தே இருந்தான். நான் தட்டை எடுத்து வைத்துவிட்டு, அவனுக்கும் ஒரு டம்ளர் டீ போட்டேன்.