லேபிளில் என் கையெழுத்து

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நலம் என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து, உண்மையாகவே நலம்தானா என்று ஒருமுறை யோசித்துப் பார்த்தேன், நலம்தான். நீயும் மாப்பிள்ளையும் அதே மாதிரி இருக்க வேண்டும். இதைப் போனில் சொன்னால் நான் அழுவேன், நீயும் அழுவாய், உன் அப்பா நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆறு மாதத்துக்கு முன் கல்லூரி வேதியியல் லேபில் என் முகத்துக்கு எதிரே ஒரு கண்ணாடிக் குடுவை வெடித்ததல்லவா, கையில் சின்னக் கீறல், அவ்வளவுதான் என்று உன்னிடம் சொன்னேன். கீறல் ஆறியது, மற்றது ஆறவில்லை, அதை மறைத்துவிட்டேன். அமிலம் அளக்கும் பியூரெட் குழாயைக் கழுவிக்கொண்டிருப்பேன், திடீரென்று என் கை வேறு யாருடைய கையோ போலத் தெரியும், பிள்ளைகள் பேசுவது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்கும். வயசாகிவிட்டது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு வந்தது அந்தப் புதன்கிழமை. செய்முறைத் தேர்வுக்கு இருபத்து நான்கு பாட்டில் நீர்த்த அமிலம். எங்கள் லேபில் ஊற்றியவர்தான் லேபிளில் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் நானே பார்த்து அளந்து ஊற்றினேன் என்று பொருள், இருபத்திரண்டு வருஷத்தில் நான் அதை மீறியதில்லை. அன்று பார்க்கிறேன், மேஜைமேல் இருபத்து நான்கும் வரிசையாக நிற்கின்றன, எல்லாவற்றிலும் என் கையெழுத்து, ஊற்றிய ஞாபகம் ஒன்றுகூட இல்லை. பழகின கை, சரியாகத்தான் ஊற்றியிருக்கும். ஆனாலும் பிள்ளைகள் தொடப்போகிற அமிலம். குழாயைத் திறந்துவிட்டு ஒவ்வொன்றாகக் கொட்டினேன், தேர்வு தள்ளிப்போயிற்று. என்ன ஆச்சு என்று துறைத் தலைவி கேட்டார், ஊத்தினது ஞாபகமே இல்ல மேடம் என்று உண்மையைச் சொன்னேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். நான் ம், ம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே மேஜையில் சாப்பிடுகிற உன் அப்பாவுக்குப் புரியாதது அத்தனை தூரத்திலிருந்த உனக்குப் புரிந்தது, அம்மா நீ அங்க இல்ல என்றாய். எப்படிடி தெரியும் என்றதற்கு, நானும் அங்கதாம்மா இருந்தேன், பன்னெண்டு வயசுல என்றாய். அந்த வயசில் நீ லிஃப்டில் நான்கு மணி நேரம் மாட்டிக்கொண்டு வந்த பிறகு, கூப்பிட்டால் திரும்பமாட்டாய், தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். நான் அதைத் திமிர் என்றேன், காதைத் திருகினேன். அப்படிப்பட்ட அம்மாவை நீ ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை, மறுநாளே டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தாய்.

டாக்டருக்கு உன் வயசுதான் இருக்கும். இதுக்கு டிசோசியேஷன்னு பேரு என்றார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வருஷா வருஷம் எங்கள் போர்டில் எழுதுகிற வார்த்தையாயிற்றே. உப்பைத் தண்ணீரில் போட்டால் அயனிகளாகப் பிரியும், தண்ணீரை வற்றவைத்தால் உப்பு திரும்பக் கிடைக்கும் என்று அவருக்கே பாடம் நடத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது வேற இது வேறம்மா, தாங்க முடியாத பயம் வந்தப்போ மனசு உங்கள கொஞ்சம் தள்ளி நிக்க வச்சிருக்கு, ஆபத்து முடிஞ்சது அதுக்கு இன்னும் தெரியல என்றார். சரிதான், உப்பு பயந்துபோய்ப் பிரிவதில்லை. அப்படி வரும்போது பாதத்தைத் தரையில் அழுத்தி, கண்ணில் படுகிற ஐந்து பொருளை வாய்விட்டுச் சொல்லப் பழக்கியிருக்கிறார். உன் அப்பா அவருக்கு மேல், நான் துணி காயப்போடும்போதுகூட வந்து, இங்கதான இருக்க என்கிறார். உங்கள விட்டுட்டு எங்க போய்த் தொலையறது என்று திட்டுகிறேன். அவர் கேட்பது பிடித்துத்தான் இருக்கிறது.

வேலையும் போகவில்லை. கொட்டினீங்க பாருங்க, அதனாலதான் உங்கள நம்புறேன் என்றார் துறைத் தலைவி. இரண்டு மாதம் அமிலத்தைத் தொடவிடவில்லை, நேற்று அவரே பக்கத்தில் நின்று ஊற்றச் சொன்னார். அளவைச் சொல்லிச் சொல்லி ஊற்றினேன். இருபத்து நான்கும் ஞாபகம் இருக்கிறது, பதினேழாவது பாட்டில் மூடி இறுகிக்கொண்டு அடம்பிடித்தது உட்பட.

அதனால் வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, லீவுக்கு வந்தால் போதும். இன்னும் ஆறு மாடி படியேறித்தான் ஆபீசுக்குப் போகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். போன வருஷம் அதைக் கேலி செய்தேன், இனி செய்யமாட்டேன், மூச்சு வாங்கினால் நின்று நின்று ஏறு. நீ திமிர் பிடித்தவள் இல்லை கண்ணு, பயந்துபோயிருந்தாய், அம்மாதான் பார்க்கவில்லை. இதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உன்னைப் பெற்றதற்கு நான் கொடுத்துவைத்தவள். உடம்பும் மனசும் ஒரு குறையுமில்லாமல் நீங்கள் இருவரும் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். கிளம்பும்போது உன் மூக்குக்கண்ணாடியை மறக்காதே.

முதல் வரியிலிருந்து இதுவரை எழுதிய ஒவ்வொரு வரியும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால் பாட்டில் லேபிளில் போடுகிற அதே கையெழுத்தை இங்கேயும் போட்டிருக்கிறேன்.

இங்கேயே இருக்கும்,
உன் அம்மா