இலையில் ஒட்டிய விதை

மார்ச் 3
அழுகண்ணிக் கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. பூச்சி பிடிக்கும் அந்தச் செடிகளில் ஒரு புதிய இனம், நான் வைத்த பெயரோடு. அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. மகள் சொன்னாள்: "பேசாம உன் பேரையே வச்சிருக்கலாம்மா. பிடிச்சா நீயும்தான் விட மாட்டே."

மார்ச் 4
பூவும் இலையும் பழைய இனத்தைப் போலவேதான். தனி இனம் என்று நான் சொன்னதற்கு ஒரே காரணம் விதை, அதன் இரு முனையிலும் இருக்கும் வால். பல் தேய்க்கும்போது திடீரென்று ஒரு கேள்வி. அந்த விதைகளை எங்கிருந்து எடுத்தேன்? காயிலிருந்தா? காய்கள் வெடித்துக் காலியாக அல்லவா இருந்தன. இலையிலிருந்து எடுத்தேன். அதன் விதை அதன் இலையில்தானே விழுந்திருக்கும் என்று—

பசை இலை. சதுப்பில் காற்றோடு பக்கத்துச் செடியின் விதை வந்தால் சும்மா விடுமா? இத்தனை வருடம் இதையே படிக்கிறவளுக்கு இது தோன்றவில்லை.

மார்ச் 5
உலர்ந்த செடியை ஒட்டியிருக்கும் தாளை எடுத்துப் பார்த்தேன். மடங்கிய தண்டுக்கு அடியில், அன்று கண்ணில் படாத, வெடிக்காத காய் ஒன்றே ஒன்று. திறந்தால் தெரிந்துவிடும். ஆனால் மாதிரிச் செடியில் கை வைக்கத் துறைத்தலைவரின் அனுமதி வேண்டும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அடுத்தவர் தப்பு அவர் கண்ணில் பெரிதாகத்தான் படும்.

திறக்காமலே விட்டுட்டா என்ன? யார் கேட்கப் போறா? சீ, என்ன புத்தி இது.

மார்ச் 6
அவர் அறை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

மார்ச் 7
சொல்லிவிட்டேன். பூதக்கண்ணாடி தாளை வாங்கி விளக்கடியில் வைத்துப் பார்த்தார். பிறகு, "குடுங்க, நான் திறக்கறேன்."
"வேண்டாம் சார், நானே பாத்துக்கறேன்."
வெந்நீரில் ஊறவைத்துக் காயைக் கீறினேன். உள்ளே உருண்டை விதைகள். வாலே இல்லை. பழைய இனம்தான்.
கட்டுரையைத் திரும்பப் பெற்றேன்.

மார்ச் 8
மகள்: "கடைசில அந்தச் செடி உன்னையே பிடிச்சிடுச்சேம்மா." சிரிப்பு வந்தது, அழுகையோடு.

மார்ச் 14
துறையின் உலர்செடித் தொகுப்பில் உள்ள சதுப்புநிலச் செடிகளின் விதைகள் எல்லாவற்றோடும் ஒப்பிட்டுவிட்டேன். வால் விதை எதனோடும் சேரவில்லை. பூதக்கண்ணாடி தாளைத் தட்டினார். "சரி, இது இந்தச் செடியோடது இல்ல. அப்ப எதோடது?"

வால் விதையைப் போட்டுவைத்த காகித உறையில் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். சதுப்புக்குப் போட்டுக்கொண்டு போகும் ரப்பர் பூட்ஸை மகள் பரணிலிருந்து இறக்கினாள். தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். இடதுகால் ஒழுகுகிறது. ஒட்ட வேண்டும்.